வட்டத்துக்குள் இரண்டு எழுத்து

துறைமுகத்தில் அப்பாவுக்குக் கொடிக்காரர் என்று பெயர். இரு கைகளிலும் கொடி பிடித்து, எழுத்துக்கு எழுத்து கோணம் மாற்றிக் காட்டி, கப்பல்களோடு பேசுவது வேலை. வீட்டிலோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். கோபம் மட்டும் மூக்கின்மேல்.

கல்லூரியில் படித்த அக்கா ஒருநாள் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனாள்.

"என்னோடது அரசாங்க உத்தியோகம். உன்னால அதுக்கு வேட்டு வந்துடும்!" என்று அப்பா கத்தினார்.

அவருடைய மகள் அல்லவா, அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். நான்கு மாதம் பேச்சே இல்லை. அம்மாவுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. எனக்கு அக்கா இல்லாத வீடு வீடாகவே இல்லை.

சான்றிதழ் எடுக்க வந்தவளின் சட்டையில் ஒரு பேட்ஜ் இருந்தது. வட்டம்; உள்ளே நேராக ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து இருபுறமும் கீழே சரியும் இரண்டு கோடுகள். அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"என்ன இது?"

"சமாதானச் சின்னம்."

"யார் சொன்னா? இது எங்க கொடி எழுத்து!"

சமையலறையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துவந்து கூடத்தில் நின்றார். இரு கைகளையும் கீழ்நோக்கிச் சரித்து விரித்தார். "இது என்." ஒரு கையை உச்சிக்கும் மற்றதைத் தரைக்கும் நீட்டினார். "இது டி. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டிருக்கான். எதுக்குன்னுதான் புரியல."

"என், டி..." அக்கா கத்தியே விட்டாள். "நியூக்ளியர் டிஸ்ஆர்மமென்ட்! அணு ஆயுதத்தை ஒழிக்கிறதுப்பா! இவ்வளவு நாளா குத்திக்கிட்டுத் திரியறேன், எனக்கே தெரியல."

"நல்லா படிச்ச போ!" என்று அப்பா சிரித்தார். அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அடுத்த வாரம் பெட்டியும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கைகளைச் சரித்து அந்த முதல் எழுத்தைக் காட்டினால் சண்டை தீர்ந்தது. சண்டைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது. அந்தக் கூடத்துக்காக இன்றும் ஏங்குகிறேன்.

அக்கா வெளியூர் வேலைக்குப் போனதில் வந்தது கடைசிச் சண்டை. அது தீருமுன் அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போயிற்று, வலது கையும் போயிற்று. அக்கா மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது, அவர் இடது கையைப் படுக்கையில் மெல்லச் சரித்து நீட்டினார். பிறகு வலது கையைப் பார்த்தார். அது அசையவில்லை.

அக்கா கட்டிலின் மறுபக்கம் போய், அந்தக் கையைத் தூக்கி, அதே கோணத்தில் சரித்து வைத்தாள்.