முத்தழகு நாற்காலியில் உட்கார்ந்த கதை

வேலுநாச்சியாருக்குச் சின்ன வயதிலேயே குதிரையேற்றமும் வாள்வீச்சும் கற்றுக் கொடுத்தார்கள். முத்தழகுக்குக் கற்றுக் கொடுத்ததோ, ஆம்பளைகள் பேசும்போது குறுக்கே வாய் திறக்கக் கூடாது என்பதை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்குத்தான். என்ன பிரயோசனம்? மாப்பிள்ளை வந்துவிட்டார். புதுவயலுக்குப் பக்கத்து ஊர், பெயர் குருநாதன், சலவை வேட்டி, வாய் நிறைய வெட்டி நியாயம்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது குருநாதன் தலையில் இடி விழுந்தது. ஒரு நாள்தான். மறுநாளே பெண்டாட்டி என்று ஒருத்தி வீட்டில் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. போஸ்டரில் அவர் படம் ஆளுயரம்; கைகூப்பிய முத்தழகு ஓரத்தில், ஸ்டாம்பு அளவு. ஜெயித்தது அவள், மாலை விழுந்தது அவர் கழுத்தில். கிராமசபை என்றால் தலைவர் நாற்காலியில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்வார், நிஜத் தலைவர் முத்தழகு பெண்களோடு தரையில் இருப்பாள். வெட்கம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மம்!

இதில் மைக் கிடைத்தால் போதும், வேலுநாச்சியார் பெருமை வேறு. "சிவகங்கைச் சீமைப் பொம்பளையின்னா சும்மாவா?" என்று தொண்டை கிழியும். வீட்டில் அந்த வீரருக்குத் தோள்துண்டை எடுத்துக் கொடுக்க முத்தழகு அடுப்பை விட்டு ஓடி வர வேண்டும். ஊருக்குத்தானே உபதேசம்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஊருணி விஷயத்தில்தான் வயிறு எரிந்தது. அங்கே போர்வெல் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. குடிக்கவும் உலை வைக்கவும் எல்லாருக்கும் ஊருணித் தண்ணீர்தான். அதற்கு மழைநீர் வருகிற கால்வாயில், நெல் அவித்த கழிவுநீரை விட ஓர் அரிசி மில்காரர் அனுமதி கேட்டார். அதற்குப் பதிலாக ஊர் எல்லையில் வேலுநாச்சியார் பெயரில் ஒரு வளைவு கட்டித் தருவாராம். அதில் குருநாதன் பெயரையும் பொறிப்பாராம். பெயர் என்றதும் மனுஷன் விழுந்துவிட்டார்.

"அந்தத் தண்ணி நாறுமே. புள்ளைக என்னத்தக் குடிக்கும்?" என்று முத்தழகு கேட்டாள்.

"ஒனக்கென்ன தெரியும்? சோத்தப் போடு."

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராமசபை கூடியது. ராணி படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் குருநாதன் ஆரம்பித்தார். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் சொல்லி, காளையார்கோவிலில் ராஜா மாண்ட இடத்தில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். அடேயப்பா, என்ன நடிப்பு!

"புருசன் போயிட்டாரேன்னு மூலையில மொடங்கிட்டாகளா? இல்லையே! விருப்பாச்சியில இருந்து படை தெரட்டி, சீமைய மீட்டு, அரசாண்டாகய்யா!"

கைதட்டல். அந்தச் சூடு ஆறுவதற்குள், "அவுக பேருல வளைவு வருது. மில்லுத் தண்ணித் தீர்மானத்துக்கு எல்லாரும் கையத் தூக்குங்க" என்றார். கைகள் எழுந்தன.

முத்தழகும் எழுந்தாள். "நான் ஒன்னு கேக்கணும்."

"வீட்டுல வந்து கேளு. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அந்த ராணிக்குப் புருசன் போன பெறகுதான் ஆட்சி கெடைச்சுச்சு. இவுக நூறு வயசு நல்லா இருக்கட்டும், என் தாலி கெட்டியா இருக்கட்டும். அது வரைக்கும் இந்த ஊரு நாத்தத் தண்ணிதான் குடிக்கணுமா?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரிக்க, கூட்டமே கொல்லென்று சிரித்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. குருநாதனால் திட்டவும் முடியாது. அவள் வாழ்த்தியல்லவா தொலைத்திருக்கிறாள்!

"எந்திரிங்க" என்றாள். "அது எனக்குப் போட்ட நாற்காலி."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்தார். முத்தழகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சாயத்துச் செயலாளர் பழக்கதோஷத்தில் குருநாதனைப் பார்த்து, "என்னண்ணே எழுத?" என்றார்.

"இங்குட்டுப் பாருங்க. கால்வாயில மில்லுத் தண்ணி விடக் கூடாதுன்னு எழுதுங்க. வளைவும் வேண்டாம். அது இல்லாட்டியும் ராணி பேரு நெலைச்சு நிக்கும். இவுக பேருக்குத்தான் வளைவு வேணும்."