காரணம்: நாணல் மிதிபட்டமை

நாகேஸ்வரி கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். பெயரும் திகதியும் எழுதப்படாத மாதிரிப் போத்தலை, வைத்தியரே கொண்டுவந்து நீட்டினாலும், அவர் பரிசோதனைக்கு ஏற்றதில்லை. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி அவர் நடந்துகொண்ட விதத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

போர்நிறுத்தம் நிலவிய 2004இல், ரொறன்ரோவிலிருந்து வந்த மைத்துனி அவருக்கு ஒரு ஜிபிஎஸ் கருவியையும் ஒரு விளையாட்டையும் விட்டுச் சென்றாள். ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து அது இருக்கும் புள்ளியைக் காட்டும் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் கருவியின் துணையால் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் கொப்பியில் ஒப்பமிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டுச் செல்வார்கள். பாமன்கடைக்கு அப்பாலுள்ள சதுப்புநிலச் சரணாலயத்தை நாகேஸ்வரி தெரிவுசெய்தார். பிறர் அனுமதியின்றி வைத்திருப்பார்கள். அவரோ ஏழு தடவை சரணாலய அலுவலகம் சென்று எழுத்தில் அனுமதி பெற்றார். நிலத்தைத் தோண்டக்கூடாது, மரத்தில் ஆணி அறையக்கூடாது, உணவுப்பொருள் வைக்கக்கூடாது, இடத்துக்குச் சேதம் நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் அவரே பெட்டியை அகற்ற வேண்டும் என்பன நிபந்தனைகள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் தன் பெயர், முகவரி, அனுமதி இலக்கம் ஆகியவற்றை மும்மொழியிலும் எழுதி, மரப்பாலத்தின் கைப்பிடிக்குக் கீழே வைத்தார்.

ஓகஸ்ட் 14ஆம் திகதி, கொட்டாஞ்சேனையிலிருந்து ஹியூபேட் தொலைபேசியில் அழைத்தார். கொப்பியில் முப்பத்தோராவதாக ஒப்பமிட்டவர் அவர்.

“அக்கா, உங்கட பெட்டிக்கு ஒண்டுமில்லை. ஆனா நாணலுக்குள்ள சனம் ஒரு றோட்டே போட்டிட்டுது. தாழைக்கோழிக் கூடு ஒண்டு மிதிபட்டு முட்டையெல்லாம் நசுங்கிப்போச்சு. பக்கத்தில இன்னொண்டு அடைகாத்துக்கொண்டு இருக்கு.”

பிழை தன்னுடையது என்பதை நாகேஸ்வரி உடனே உணர்ந்தார். பெட்டி இருக்கும் புள்ளியை மட்டும் அறிவித்தவர், நடைபாதை தொடங்கும் புள்ளியை அறிவிக்கவில்லை. கருவியின் அம்புக்குறி காட்டிய நேர்கோட்டில் வந்தவர்கள் நாணலுக்குள் இறங்கியிருந்தார்கள். அன்றிரவே இணையத்திலிருந்து அறிவிப்பை நீக்கினார். ஆனால் ஆள்கூறுகளைக் குறித்துவைத்தவர்கள் இன்னும் வரக்கூடும். பெட்டி அங்கே இருக்கும்வரை மற்றக் கூட்டுக்கும் காப்பில்லை.

போர் மீண்டும் மூண்டிருந்த காலம் அது. அண்ணன் பூபாலசிங்கம் கொதித்தெழுந்தார்.

“உனக்கென்ன விசரே? வீடு வீடாத் தமிழாக்களைப் பதிவெடுக்கிறாங்கள், நீ சதுப்புக்குள்ள பெட்டி தூக்கப் போறியோ? அப்பிடியே கிடக்கட்டும். ஏலாட்டி ஆரையும் விட்டு அந்தப் பேரையாவது அழிப்பி.”

“பேரை அழிச்சா அது ஆற்ற பெட்டி, அண்ணை?”

“ஒருத்தற்றையும் இல்லை. அதுதான் நல்லது.”

“ஒருத்தற்றையும் இல்லாத பெட்டியைத்தான் குண்டெண்டு சொல்லுவாங்கள்.”

உடன் பணிபுரிந்த மாளிகாவத்தை பஹ்மியா, தானே சென்று எடுத்துவருவதாகச் சொன்னார். “என்ட அட்டையில பிறந்த இடம் கொழும்புதானே. நீங்க இருங்க.”

“கையெழுத்து வைச்சது நான், பஹ்மியா.”

“அப்ப நானும் வாரேன். ஒங்கள உள்ள போட்டா, திங்கக்கிழம மூத்திரப் போத்தலையெல்லாம் யார் பாக்கிற?”

சனிக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு இருவரும் சென்றனர். கருவி வீட்டிலேயே இருந்தது. சோதனைச்சாவடியைத் தவிர்க்க வயல் வழியொன்று இருந்தும், நாகேஸ்வரி நேரே சாவடிக்கு நடந்து, ஒரு தாழைக்கோழிக் கூட்டுக்காகத் தான் எதை எடுக்க வந்திருக்கிறார் என்பதைச் சிங்களத்தில் அறிவித்து, அனுமதிக் கடிதத்தை நீட்டினார். அடையாள அட்டையில் வடக்கிலுள்ள பிறந்த இடத்தைப் பார்த்த சிப்பாய் சிரித்தான்.

“பருத்தித்துறையில பிறந்த நோனாவுக்கு இங்க கோழி வளர்ப்பா?”

“ஓம். முட்டை இருக்கு. அதனால மெதுவா நடவுங்கோ,” என்றார் நாகேஸ்வரி, அவன் மொழியிலேயே.

சார்ஜன்ட் வரவழைக்கப்பட்டார். பாலத்தை நெருங்கியதும் படையினர் நின்றுகொண்டார்கள். நாகேஸ்வரி தனியே சென்று பெட்டியை எடுத்து வந்து, அவர்கள் முன்னிலையில் திறந்தார். ஒரு கொப்பி, இரண்டு பென்சில்கள். சார்ஜன்ட் மூடியிலிருந்த பெயரை அட்டையோடும், இலக்கத்தைக் கடிதத்தோடும் ஒப்பிட்டார். இரண்டு தடவை ஒப்பிட்டார். மூடி, அட்டை, கடிதம் மூன்றும் ஒத்திருந்தன.

“சரி, கொண்டு போங்கள்.”

நாகேஸ்வரி நகரவில்லை. கொப்பியை அவரிடம் நீட்டி, அகற்றியதற்குச் சாட்சியாக எழுதித் தருமாறு கேட்டார். பஹ்மியா பின்னாலிருந்து அவருடைய சேலையை இழுத்தார். சார்ஜன்ட் சலிப்புடன் பென்சிலை எடுத்து, ‘பாதுகாப்புக் காரணத்தால் அகற்றப்பட்டது’ என்று சிங்களத்தில் எழுதினார்.

“இது பிழை, சேர். நான் பயத்தில எடுக்க வரேல்லை. உங்களுக்காகவும் எடுக்கேல்லை.” நாகேஸ்வரி நாணலைக் காட்டினார். மிதிபட்டுப் படுத்த தண்டுகளுக்கு அப்பால், நீரோரக் கூட்டில் சிவந்த நெற்றியுடன் தாழைக்கோழி அசையாது அமர்ந்திருந்தது. “காரணம் அது.”

சார்ஜன்ட் கோழியைப் பார்த்தார்.

முப்பத்திரண்டாம் பதிவில் முதல் வரி குறுக்கே வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே, அதே கையெழுத்தில், ‘நாணல் மிதிபட்டமையால் அகற்றப்பட்டது’ என்றுள்ளது. ஒப்பத்துடன் பெயரும் பதவியும் திகதியும் உள்ளன; நாகேஸ்வரி அவை மூன்றையும் கேட்டு வாங்கிய பிறகே கொப்பியை மூடியிருக்கிறார்.