பல்லக்காவின் டாங்கிப் பட்டறை

“இவன் எண்ணெய் டின்ன இங்கதான் வச்சிருப்பான். அந்தத் தடியன் பின்னால பாக்காம வந்து இடிச்சிருப்பான். அப்போ கொட்டினது இந்தப் பக்கமாத்தானே ஓடும்?” என்று சொல்லிக்கொண்டே பல்லக்கா மெல்லிய தூரிகை நுனியால் ஒரு சொட்டுக் கறுப்பு வார்னிஷை இழுத்துவிடுகிறார். இவனும் தடியனும் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் மனிதர்கள். எண்ணெய் கொட்டியிருப்பது சாப்பாட்டு மேசையின் நடுவில், ஒரு சாண் நீளமுள்ள போர் டாங்கியின் வயிற்றுக்குக் கீழே. மூக்கு மேசையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, “வழுக்கி விழுவான். விழட்டும், அப்பதான் புத்தி வரும்” என்று திருப்தியோடு நிமிர்கிறார்.

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பல்லக்காதான். நான் மேல் மாடி, அவர் கீழ் மாடி. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆட்களை அவர் பார்ப்பதில்லை. அவர்களுடைய வாயின் அச்சு மட்டும் பிளாஸ்டரில் வந்து சேரும். அதைப் பார்த்தே ஆள் கோபக்காரரா, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரா என்று சொல்லிவிடுவார். நேரில் பேசும்போதும் முதலில் நம் வாயைத்தான் பார்ப்பார், கண்ணுக்கு அப்புறமாக வந்து சேருவார். படிக்கட்டில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “நீங்க இடது பக்கமாவே மெல்லுறீங்களே, வலது பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்பதுதான். அன்றிலிருந்து நான் இரண்டு பக்கமும் மெல்லுகிறேன், பயத்தில்.

டாங்கிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் பெரிய கதை எதுவும் இல்லை. எங்கோ ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருக்கிறார். பட்டறையில் ஒரு டாங்கி, பின்பக்க மூடிகள் திறந்திருக்க, இன்ஜின் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. “ஆ-ன்னு வாயத் திறந்துகிட்டு நின்னுச்சுங்க. எனக்குப் பாவமாப் போச்சு” என்கிறார். “சுடுற டாங்கிய எல்லாரும்தான் செய்றாங்க. எனக்கு ரிப்பேருக்கு வந்து நிக்கிறதுதான் பிடிக்கும். எம்மாம் பெரிய சூரனா இருந்தாலும் பல்லு வலின்னு வந்தா வாயத் திறந்துதானே ஆகணும்?”

பெட்டியில் வாங்கும் டாங்கியோடு சிப்பாய்களும் வருவார்கள், கையில் துப்பாக்கியோடு. பல்லக்கா முதல் வேலையாகத் துப்பாக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு, பல்லுக்குக் கட்டும் கம்பியை வளைத்து ஸ்பேனர், சுத்தியல் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார். “இப்பதான் கைக்கு ஒரு வேலை வந்திருக்கு” என்று அவர் சொல்லும்போது அந்த முகங்களும் கொஞ்சம் தெளிந்தாற்போல எனக்குத் தெரிந்தது. செங்கல் பொடியைத் துணியில் சலித்தால் துரு. சலித்த தேயிலைத் தூள் சக்கரங்களுக்கு இடையில் காய்ந்த சேறு. பல் இடுக்கில் விடும் நூலுக்குச் சாம்பல் நிறம் பூசினால் கிரேனின் இரும்புக் கயிறு.

அந்தக் கிரேன்தான் அவருடைய செல்லப்பிள்ளை. லாரியின் முதுகில் நிற்கும் அதன் பக்கவாட்டில் அரிசி அளவு கைப்பிடி ஒன்று இருக்கிறது. இரண்டு நகத்தால் பிடித்துச் சுற்றினால் நூல் சுருண்டு இன்ஜின் மேலே போகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். பிளாஸ்டிக் இன்ஜின் காற்றுக்கே ஆடுகிறது என்று அதைப் பிளந்து உள்ளே தூண்டில் ஈயத்தை அடைத்தார். “கனம் தெரியணும். நூலு விறைச்சு நிக்கணும். பாக்குறவங்க ஒரு அடி பின்னால நகரணும், காலுல விழுந்துடுமோன்னு!” சொல்லும்போது அவர் குரலே ஏறிவிடும். எனக்கும்தான். அந்த வீட்டுக்குள் போனால் பத்து நிமிடத்தில் நானும் குதிக்க ஆரம்பித்துவிடுவேன்.

குதிக்காத ஒரே ஆள் மகள். கல்லூரியில் படிக்கிறாள். “நாங்க மடியில தட்ட வச்சுச் சாப்பிடுறோம், மேசையில போர் நடக்குது” என்பாள். “போர் இல்லடி, ரிப்பேர்!” என்று உள்ளேயிருந்து பதில் வரும். கணவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் மேசையைச் சுற்றி வருவார், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக மற்றொரு கையால் அதைப் பிடித்தும் வைத்திருப்பார். அவர் சொல்லும் ஒரே குறை, “டயர் இல்லாத வண்டிக்கு இவ்வளவு மரியாதையா?”

பல்லக்காவின் ஆசை பரிசு அல்ல. ஒரு மனிதர் குனிய வேண்டும், அவ்வளவுதான். நகரத்தில் இப்படிச் சின்ன மாதிரி வடிவங்கள் செய்வோரின் சங்கம் வருடம் ஒருமுறை கண்காட்சி நடத்துகிறது. நடுவர்களுக்குத் தலைவர் ஒரு பெரியவர், நல்ல உயரம். இரண்டு கையையும் பின்னால் கட்டி, பரேடு பார்ப்பதுபோல நடப்பார். பிடித்தால் மட்டுமே குனிவார். போன வருடம் பல்லக்காவின் டாங்கியை ஓரத்து மேசையில், கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்திருந்தார்கள். பெரியவர் மேலேயிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பையன் செய்ததா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். “பையன்னு சொன்னது கூடப் போகட்டும்” என்று பல்லக்கா மாதக்கணக்கில் பொருமினார். “குனிஞ்சே பாக்கலியே! எண்ணெய்ல செருப்புத் தடம் வச்சிருந்தேன், குனியாம எப்படித் தெரியும்?” இந்த வருடம் விடாமல் கேட்டு, நடு மேசையை வாங்கிவிட்டார். இரண்டு டாங்கிகள். ஒன்று இன்ஜின் பிடுங்கப்பட்டு. மற்றொன்று சங்கிலிப்பட்டை கழன்று தரையில் கிடக்க, வெறும் சக்கரங்களோடு.

போன ஞாயிறு கண்காட்சி. டாக்சியில் நானும் தொற்றிக்கொண்டேன். பல்லக்கா மடியில் பலகை, அதன்மேல் பட்டறை. போன வருடம் வழியில் ஒரு தலை கழன்று உருண்டுவிட்டதால், இந்தத் தடவை அசையக்கூடியவை எல்லாவற்றையும் பல்செட் பசை போட்டு இறுக்கியிருந்தார். தலை என்பது பீரங்கிக் குழல் பொருத்திய மேல்பகுதி. கீழே இருப்பது உடம்பு. அவர் வாயில் எல்லாமே அப்படித்தான். பஸ் டிரைவர் பின் இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டு வந்தார். “தம்பி, பள்ளம். தம்பி, மேடு. தம்பி, மெல்ல” என்று அவர் சொல்லச் சொல்ல, டாக்சிக்காரர் ஒரு கட்டத்தில் வண்டியை நிறுத்தி, “நீங்களே ஓட்டுறீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார்.

மண்டபத்தில் எல்லாம் கனகச்சிதமாக அமைந்தது. விளக்கு வெளிச்சம் எண்ணெயில் பட்டு மின்னியது. கிரேன் லாரியை மட்டும் தனியே கொண்டுவந்து அதன் இடத்தில் பதித்தார் பல்லக்கா. இன்ஜின் நூலில் விறைத்துத் தொங்கியது. நடுவர்கள் வாசல் பக்க மேசைகளில் ஆரம்பித்திருந்தார்கள். டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒரே ஒரு தடவை இறக்கிக் காட்டேன். அது உள்ள போய் உக்காருறத நான் பாத்ததே இல்ல” என்றார்.

பல்லக்கா சிரித்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார். இன்ஜின் இறங்கியது. டாங்கியின் முதுகில் அதற்கென்று இருந்த குழிக்குச் சற்று மேலே வந்து ‘டொக்’ என்று நின்றது. மறுபடியும் ஏற்றி இறக்கினார். மறுபடியும் டொக். டாங்கியின் பின்மண்டை குழியின் விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினின் மூலை அதில்தான் இடித்தது. குழல் முன்னால் பார்த்து நேராக, அழகாக நின்றது. அழகாக நின்றதுதான் கோளாறு. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒழிய அந்தக் குழியிலிருந்து எந்த இன்ஜினும் வெளியே வந்திருக்க முடியாது.

பல்லக்கா குனிந்து குழியை உற்றுப் பார்த்தார். “வீட்ல போட்டுப் பாத்தேங்க. அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துச்சு. தலைய வைக்காமப் போட்டுப் பாத்திருக்கேன்!” நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். “மேல் செட்ட வைக்காம கீழ் செட்ட மட்டும் போட்டுப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு அனுப்பிட்டேன்! இத்தன வருஷம் பல்லு செய்றேன், இதப் போய்ப் பண்ணுவேனா?”

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “விடு. இன்ஜின்தான் வெளிய தொங்குதே. எப்படி வந்துச்சுன்னு எவன் கேக்கப் போறான்?”

“இந்த ரெண்டு மெக்கானிக்கும் கேப்பாங்க” என்றார் பல்லக்கா, பிளாஸ்டிக் ஆட்களைக் காட்டி. விளையாட்டாகச் சொல்லவில்லை. “எப்படி எடுத்தோம்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க, பாருங்க.”

பார்த்தேன். சத்தியமாக முழித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

கைப்பையைத் திறந்து நூல் போன்ற ஒரு ரம்ப இழையை எடுத்தார். சங்கச் செயலாளர் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்தார். “அம்மா, என்ன பண்றீங்க? நடுவருங்க அடுத்த வரிசைக்கு வந்துட்டாங்க. உடைஞ்சதுன்னா நடு மேசையில வைக்க முடியாது. ஓரத்துக்குத்தான் போகணும்.” பல்லக்கா தலையாட்டினார், இழையைத் தலைக்கும் உடம்புக்கும் இடையில் செருகினார். பல்செட் பசை என்ன லேசில் விடுமா? எலும்பைக் கூடக் கடித்து நொறுக்குகிற வாய்க்கென்று செய்தது. இழை முன்னும் பின்னும் போனது. வெள்ளைத் தூள் எண்ணெய்த் திட்டின் மேல் விழுந்தது. டிரைவர் குனிந்து ஊதப் போனார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஊதினால் மெக்கானிக்குகள் மிஞ்ச மாட்டார்கள்.

‘டப்’ என்றது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தலை பல்லக்காவின் உள்ளங்கையில் முழுதாக இருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை! “வந்துடுச்சு, வந்துடுச்சு!” என்று நான் கத்தியதில் பக்கத்து மேசைக்காரரின் விமானம் நடுங்கியது.

தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். புதுத் தொல்லை ஆரம்பித்தது. முன்னால் குழலில் சாய்ந்து நின்று ஓய்வெடுத்த இன்னொரு பிளாஸ்டிக் ஆள் இப்போது காற்றில் சாய்ந்து நின்றான். “எந்திரிடா, வேலை நேரத்துல என்ன சாய்மானம்” என்று அவனைப் பிடுங்கி, கழன்று கிடந்த சங்கிலிப்பட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு ஆள் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. குழல் பலகையைத் தாண்டி, மேசையையும் தாண்டி, ஆள் நடக்கும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அதன் முன்னால் போய் நின்று கைகளை விரித்தார். “ஓரமா வாங்க, ஓரமா வாங்க. இந்தப் பக்கம் வழியில்ல” என்று கூட்டத்தைத் திருப்பிவிட்டார். இவ்வளவு நாளும் அந்த டயரில்லாத வண்டியைக் கிண்டல் பண்ணிய மனுஷர்தான்.

அந்தக் கைகளுக்கு முன்னால் நடுவர்கள் வந்து நின்றார்கள். டிரைவர் பெரியவரையும் சேர்த்தே ஓரமாகப் போகச் சொன்னார். நான் பல்லக்காவின் தோளை இடித்தேன். அவர் கவனிக்கவில்லை. தலை சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர், கைப்பிடியை இரண்டு நகத்தால் பிடித்தார். சுற்ற ஆரம்பித்தார்.

இன்ஜின் இறங்கியது. நூல் விறைப்பாக, ஆடாமல், கொஞ்சம் கொஞ்சமாக. பின்மண்டை இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. மூலை விளிம்பைத் தாண்டியது. மண்டபத்தின் இரைச்சல் எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டியிருந்த கைகளைப் பெரியவர் எப்போது பிரித்தார் என்பதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டையும் முழங்காலில் ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணெயில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்திருந்தார். மற்ற நடுவர்களும் அவரோடு சேர்ந்து குனிந்தார்கள். குழிக்குள் நிழல் விழுந்தது.

“வெளிச்சம், வெளிச்சம்” என்றார் பல்லக்கா. இன்ஜினிலிருந்து கண்ணை எடுக்காமலே, இடது புறங்கையால் பெரியவரின் தலையை மெல்ல ஓரமாகத் தள்ளினார்.