ஏப்ரலில் துப்பாக்கி துடைப்பவர்கள்

வெர்னா சாரிக்குக் கத்தியைக் கண்டு பயம் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு நாள் முழுக்கக் கத்தியோடுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில், ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறிய வம்சத்துப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதானால் இடுப்பில் ஒரு கத்தி வந்துவிடும். மரப்பிடி, தோல் உறை, அப்பா கையால் கொடுப்பது. கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும் என்பதால், வாங்குகிற பிள்ளை பதிலுக்கு ஒரு செப்புக்காசாவது கொடுத்தாக வேண்டும். அவள் மகன் நீலோ கொடுத்த காசை அவள் புருஷன் ராய் பர்ஸில் வைத்துக்கொண்டு கண்டவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான்.

அந்தக் கத்தியை நீலோ இரண்டாம் வகுப்புக்கு எடுத்துப்போய், கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்தநாள் கேக்கைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டான். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ராயை வரச்சொல்லி ஆளனுப்பினார். ராய் போய் நின்று, பிரசங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத் துண்டும் ஒரே அளவா இருந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டான். பையனைச் சில நாள் வீட்டில் உட்காரவைத்தார்கள். சமையலறையில் வெர்னா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

துப்பாக்கி விஷயத்தில்தான் அவள் வேறு ஆள்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் நாளில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. திறந்தாலும் வாத்தியார்கள் வரமாட்டார்கள். நீலோவுக்குப் பன்னிரண்டு வயதானபோது ராய் புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே வெர்னா, தோட்டாவை வெடிக்கவைக்கும் அதன் போல்ட்டை உருவிக் கோதுமை மாவு டின்னுக்குள் புதைத்துவிட்டாள். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான். ராயின் துப்பாக்கிகளை இரும்பு அலமாரியில் பூட்டவைத்து, சாவியைத் தன்னிடம் வாங்கிக்கொண்டாள். பையன் வேட்டைக்குக் கிளம்பும் காலையில் போல்ட்டை மாவு தட்டிக் கொடுப்பாள். திரும்பி வந்தவன் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே கையை நீட்டிவிடுவாள்.

இதெல்லாம் எங்கள் ஊரில் வெளியே போகாமல் இருக்குமா? அடுத்த வீட்டு ஆர்னி ஹீட்டாலா வேலியோரம் நின்று, "என்ன வெர்னா, இந்த வருஷம் ரொட்டி சுட்டியா, இல்ல ரொட்டியால சுட்டியா?" என்று கேட்பான். ராய்க்குத்தான் முகம் சிறுத்துப்போகும். மற்ற வீடுகளில் அம்மாமார்கள் பையனின் முதல் மானுக்குப் படம் எடுத்து மாட்டுகிறார்கள், நம் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று குறைபட்டுக்கொள்வான். காரணம் கேட்டால் அவள் மாவைப் பிசைய ஆரம்பித்துவிடுவாள்.

காரணம் அவளுடைய அண்ணன் வைனோ.

வெர்னாவுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, வைனோ கொட்டகையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான், தவறி வெடித்துவிட்டது. இப்படித்தான் ஊரே சொன்னது. போதகர் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று அதையே சொன்னார். பெண்கள் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, துடைக்கும்போது எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் போதாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவள் அம்மா ஹில்மா தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போக அந்த ஒரு வார்த்தைதான் வழிவிட்டது.

ஆனால் அது ஏப்ரல் மாதம். எங்கள் ஊரில் ஏப்ரலில் எவனும் துப்பாக்கியைத் துடைக்கமாட்டான். வேட்டை முடிந்ததும் டிசம்பரிலேயே எல்லா வீட்டிலும் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியையும் கம்பியையும் பரணில் ஏற்றிவிடுவார்கள். வெர்னா வீட்டிலும் அன்று எல்லாம் பரணில்தான் இருந்தன. அவள் ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்தபோது அம்மா ஏணியடியில் நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. காப்பி ஆறிப்போகிறது, வந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். அந்தச் சாவைப் பற்றி, ஊர் சொன்னதைத் தவிர வேறு வார்த்தை கடைசிவரை அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

அன்று காலை வைனோ தன் கத்தியை உறையோடு கழற்றி வெர்னாவிடம் கொடுத்திருந்தான். காசு எடுக்க அவள் மாடிக்கு ஓடப் பார்த்தாள். "வேணாம் விடு. நமக்குள்ள என்ன காசு" என்றான். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கத்தியால்தான் அவள் இன்றும் மீன் அரிகிறாள். பனி உருகிச் சேறாகும் மாதம் வந்தால் போதும், பின்கதவு திறந்து மூடும் சத்தம் அவள் காதில் விழும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கேயாவது துப்பாக்கி எண்ணெய் வாடை அடித்தால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை மறந்துபோய் நிற்பாள். வயதாகிறது என்று ராய் கேலி செய்வான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், துடைக்கும்போது வெடித்தது என்ற அதே கதையைத்தான் அவனிடமும் அவள் சொல்லியிருந்தாள்.

நீலோவுக்குப் பதினாறு வயதான இலையுதிர்காலத்தில் அவள் தோற்றுப்போனாள். பையன் வண்டி ஓட்டுகிறான், மர ஆலையில் சனிக்கிழமை வேலைக்குப் போகிறான், அவனைப் போய் மாவு டின் முன்னால் நிற்கவைக்கிறாயே என்று ராய் சத்தம் போட்டான். சாயங்காலம் நீலோவே வந்து, "பசங்க சிரிக்கிறாங்கம்மா" என்றான். அவள் மனசு இளகிவிட்டது. போல்ட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். துப்பாக்கி அவன் அறைக்குப் போய்விட்டது.

அந்தக் குளிர்காலத்தில் பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தான். ஐஸ் ஹாக்கிக்குப் போவதை விட்டான். சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்றான். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். எந்தப் பெண்ணோ கைவிட்டிருப்பாள், வயசுக்கோளாறு, தானே சரியாகும் என்றான் ராய். வெர்னாவும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். அம்மாவின் மகள்தானே, நம்பப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

ஏப்ரலில் ஒருநாள் மதியம் பள்ளிக்கூட வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது நீலோவின் வண்டி முற்றத்தில் நின்றது. அவன் வகுப்பில் இருக்கவேண்டிய நேரம். பின்கதவைத் திறந்ததுமே அந்த எண்ணெய் வாடை வந்தது. வழக்கம்போல இதுவும் மனப்பிராந்தி என்றுதான் முதலில் நினைத்தாள். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் துப்பாக்கி. கையில் ஒரு துணியோடு நீலோ உட்கார்ந்திருந்தான். துணி வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு கறைகூட இல்லை.

"என்னடா பண்றே?"

"சும்மாதாம்மா. துப்பாக்கி துடைக்கிறேன்."

எங்கள் ஊர்க்காரி யாராக இருந்தாலும் அந்த இடத்தில், பார்த்துத் துடை என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போயிருப்பாள். அவள் நாக்கு நுனியிலும் அதுதான் வந்து நின்றது. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையின் மேல் ஒரு கையை நீட்டித் துப்பாக்கியின் மேல் வைத்தாள்.

"உங்க வைனோ மாமா துப்பாக்கி துடைக்கலடா."

நீலோ நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்குத் துணியும் கம்பியும் பரண்லதான் இருந்துச்சு. நான் பாத்தேன். சாகணும்னு நினைச்சுத்தான் கொட்டகைக்குப் போனான். அவனை ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் நல்லவங்க, அதனால கேக்கல." அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள். "நான் கேக்குறேன். நீயும் அதைத்தான் நினைச்சுட்டு உக்காந்திருக்கியா?"

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்த வெள்ளைத் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"தெரியலம்மா" என்றான். "காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். நீ சீக்கிரம் வந்துடணும்னும் இருந்துச்சு, வரக்கூடாதுன்னும் இருந்துச்சு."

பிறகு போல்ட்டை உருவி அவள் பக்கம் தள்ளினான். தள்ளிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்ன வயதில்கூட அழாத அழுகையை அழுதான். அவள் எழுந்துபோய் அவன் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

ஆலையிலிருந்து ராய் வந்ததும் அவள் எதையும் ஒளிக்கவில்லை. வைனோவையும் சேர்த்தே சொன்னாள். ராய் வாசலிலேயே நின்று கேட்டான். "பையன் ஏதோ துடைக்கத்தான் எடுத்திருப்பான்" என்று ஆரம்பித்தான்.

"வேணாம் ராய். இந்த வீட்ல இனிமே அந்த வார்த்தை வேணாம்."

ராய் அவளிடம் அலமாரிச் சாவியை வாங்கி, வீட்டிலிருந்த துப்பாக்கி அத்தனையையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆர்னி வீட்டுக்கு நடந்தான். பையனுக்கு மனசு சரியில்லை, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னானாம். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் ஆர்னி அன்று கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறான். அதன் பிறகு வேலியோரம் மாவு டின்னைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை மூவரும் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வண்டியில் நடுவில் நீலோ, அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி வெர்னா. உள்ளே ஒரு டாக்டரம்மா, இளவயதுக்காரி. எங்கள் பக்கத்துப் பெண் இல்லை, அதனால்தான் நேரடியாகக் கேட்க முடிந்தது. நீலோவிடம் தனியாக வெகுநேரம் பேசினாள். பிறகு பெற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டாள். இதற்கு முன் உங்கள் குடும்பத்தில் யாராவது இப்படித் தன் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றாள் வெர்னா. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டரம்மா ராயைப் பார்த்தாள். உங்கள் பக்கம்?

ராயின் அப்பாவைப் பற்றி வெர்னாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ராய் சின்னப் பையனாக இருந்தபோது அவர் காட்டில் துப்பாக்கியோடு ஒரு வேலியைத் தாண்டியபோது தவறிச் சுட்டுக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு ராயே அதைச் சொல்லியிருக்கிறான். அதனால் அவன் இல்லை என்று தலையாட்டுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

ராய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, வெர்னாவைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கப்பா செத்த இடத்துல வேலியே கிடையாது."