சூளை வாசலில் ஆயர்

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் படத்தில் எங்கள் ஃபாதர், ஆயருக்குரிய உயரமான தொப்பியும் கையில் கோலுமாகத் தேவாலய வாசலில் நிற்கிறார். காலில் மட்டும் பனியில் நடக்கும் ரப்பர் பூட்ஸ். திருவுடைக்கு அது பொருந்தாது என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டிருக்க மாட்டார்.

அறுபதுகளின் இறுதியில் விருத்தாசலத்துக்குப் பங்குத்தந்தையாக வந்தார். செஞ்சிப் பக்கத்துக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில், குருக்கள் போதவில்லை என்று கேட்ட ஓர் அமெரிக்க மறைமாவட்டத்துக்குப் போனார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "வூடு குடுத்தாங்க, காரு குடுத்தாங்க. பேசுறதுக்குத்தான் ஆளே குடுக்கல" என்றார். அவருடைய ஆங்கிலம் புரியவில்லை என்று பங்கு மக்கள் மனு எழுதினார்களாம். அவர் மறுப்பு எழுதவில்லை. வீடு வீடாகப் போய் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தார். பிறகு, தோட்டங்களில் பழம் பறிக்க வந்த மெக்சிகோக்காரர்களுக்காகத் தலை நரைத்த வயதில் ஸ்பானிய மொழி கற்றார். பிழைக்க வந்தவராக நுழைந்தவரை அங்கேயே ஆயராக்கினார்கள். ரோமாபுரி எந்தக் கோப்பைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் ஒரே ஒரு விசாரணையைச் சொல்லியிருப்பேன்.

அவர் விருத்தாசலத்தில் இருந்தபோது நான் அங்கே பொதுச் சூளை அலுவலகத்தில் எழுத்தர். சொந்தமாகச் சூளை வைக்க வசதியில்லாத பீங்கான் பட்டறைக்காரர்களின் சாமான்களை ஒரே டிராலியில் அடுக்கி, முறை வைத்து உள்ளே தள்ளுவோம். காயாத சாமானை ஏற்றினால் அது சூட்டில் வெடித்து அடுத்தவன் சாமானையும் உடைக்கும். ஏற்றியவனுக்குச் சூளை முறை ரத்து. அதாவது, பிழைப்பு ரத்து.

திருவிழாவுக்கு ஒரு மாதா சிலை செய்யும்படி ஃபாதர் ஒரு பொம்மைக்காரரிடம் சொல்லியிருந்தார். பொம்மை என்றால் உள்ளே கூடாக இருக்க வேண்டும். ஃபாதருக்கோ, தேர்பவனியில் சிலை ஆடிச் சாய்ந்துவிடுமோ என்று பயம். "அடியில நல்லா மண்ண அடைச்சிடுங்க, கனமா நிக்கட்டும்" என்றிருக்கிறார். "உள்ள காயாது சாமி, நாளாவும்" என்றதற்கு, "மாதா பாத்துக்குவாங்க" என்று பதில். மாதா பார்த்துக்கொள்ளவில்லை. சிலை வெடித்து, அதே டிராலியில் இருந்த மூவருடைய ஃபியூஸ் கட்டைகளும் ஊறுகாய் ஜாடிகளும் கோப்பைகளும் நொறுங்கின.

விசாரணையில் பொம்மைக்காரர் வாயே திறக்கவில்லை. சாமியார் சொல்லித்தான் செய்தேன் என்று அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ரத்து உத்தரவை நான் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது ஃபாதர் உள்ளே வந்தார்.

"அடைக்கச் சொன்னது நான். அவசரப்படுத்துனதும் நான். எம்பேர எழுதிக்குங்க."

மேலாளர் பதறிவிட்டார். ஃபாதரின் அமெரிக்கப் பயண ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. "உங்களுக்கு எதுக்கு ஃபாதர் இந்த வம்பு? நீங்க போங்க" என்றார். ஃபாதர் நகரவில்லை. விதியை நான் சொன்னேன்: சூளை முறை இல்லாதவர்மேல் குற்றம் எழுத இடமில்லை, ஆனால் சாமான் இழந்த மூவரும் ஆட்சேபணை இல்லை என்றால் ரத்தை நிறுத்தலாம். அந்த விதியை யாரும் பயன்படுத்தியதில்லை. அதற்கு மனிதர்களிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும்.

ஃபாதர் போனார். இருவர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவரான கோப்பைக்காரர் சூளை வாசலில் நின்றிருந்தார்.

"பாவமன்னிப்பு குடுக்கறது நீங்கதான சாமி? எங்கிட்ட வந்து நிக்கிறீங்க?"

"எனக்கு நானே குடுத்துக்க எங்க சட்டத்துல வழியில்லீங்க. வேற ஆளுதான் குடுக்கணும்."

நாற்பது ஆண்டு உத்தியோகத்தில், ஒரு சட்டத்தை யாரும் இவ்வளவு சரியாகத் தமக்கு எதிராக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. கோப்பைக்காரர் ஒத்துக்கொள்ளாமலே திரும்பி நடந்தார். ஃபாதர் வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிராலியில் கிடந்த உடைசல்களைப் பொறுக்கினார். மாதாவின் முகத்துண்டும் ஜாடி மூடியும் ஒரே கூடையில் விழுந்தன.

மறுநாள் டிராலி ஏற்றும் நேரம். பொம்மைக்காரர் தம் சாமான்களோடு ஒதுங்கி நின்றார். கோப்பைக்காரர் பலகை நிறையக் கோப்பைகளைத் தோளில் சுமந்து வந்தார். காலியாகக் கிடந்த டிராலியையும் பொம்மைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா, மரம் மாதிரி நிக்கிற? நீ மொதல்ல அடுக்கு. பக்கத்துல நான் வைக்கிறேன்."