மழையா, பறவையா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். படூர் அடுக்ககத்தில் லிப்ட் நின்றால் முதல் சண்டை நான்தான் போடுவேன். அப்படிப்பட்டவளைச் சிரிக்கச் சிரிக்கப் பேசவைத்தது மழை ராடார் படம்.

ஐப்பசியில் வாடை வீசத் தொடங்கியதும் வடக்கிலிருந்து பறவைகள் தெற்கே வரும். அவற்றில் பல இரவில்தான் பறக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் கொண்டாட்டம். பொழுது சாய்ந்த அரைமணியில், செல்போனில் பார்க்கும் ராடார் படத்தில் சென்னையைச் சுற்றி வெளிர்நீல வளையம் ஒன்று விரியும். மேகமே இல்லாத வானத்தில் ஏது மழை? அத்தனையும் பறவை! அது முதன்முதலில் புரிந்த அன்று, ஆள் இல்லாத வீட்டில் நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

இதைக் கேட்க ஒருத்தி கிடைத்தாள். திருவிடந்தையிலிருந்து வந்து மாலையில் எங்கள் கேட்டருகே மீன் விற்பவள். அவள் கணவர் விடியுமுன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். கடையைக் கட்டும்போது தினமும் கேட்பாள்: "இன்னாக்கா, இன்னிக்கு மழ கீதா, பட்சி கீதா?"

ஒருநாள் வளையத்தோடு ஒட்டி, கடல் பக்கம் ஒரு திட்டு தெரிந்தது. இருந்த உற்சாகத்தில் அதையும் பறவைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். "மழையே கெடையாது. தைரியமாப் போகச் சொல்லு" என்றேன்.

விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்து படத்தைத் திறந்தேன். பறவை என்றால் காற்றோடு தெற்கே போயிருக்க வேண்டும். அந்தத் திட்டோ கிழக்கிலிருந்து நேரே கரைக்கு வந்துகொண்டிருந்தது. நடுவில் கனமழைக்கான சிவப்பு வேறு. ஐயோ, அது மழை. என் பேச்சை நம்பி ஒரு மனிதர் கடலில் இருக்கிறார்.

அவள் போன் அணைந்திருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். கோவளம் சாலையில் முதல் தூறல் விழுந்தது. திருவிடந்தையை அடைவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அவள் எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். திறந்தவள் மலைத்துப்போனாள். "இன்னாக்கா இந்நேரத்துல?"

"அவர் போயிட்டாரா?"

"எங்க போறாரு? காத்து மாறிச்சுன்னு சாயங்காலமே போட்டக் கரைமேல ஏத்திட்டாங்க. உள்ள தூங்கிகினு கீறாரு."

உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "ஏட்டி, பொறவு எதுக்கு தெனமும் என்கிட்ட கேட்ட?"

அவள் துண்டை என் தலையில் போட்டுத் துவட்டினாள். "பொழுதன்னிக்கும் எல்லாரும் எங்கிட்ட வெலதான் கேக்குறாங்க. நீதான் செதிலு கையின்னு கூட பாக்காம செல்போன குடுத்து, பாரு பாருன்னு காட்டுற. எனக்கு அது புடிச்சிருக்குக்கா. இங்க வந்து எல்லாருக்கும் சொல்வேன்."

வாய்ச்சண்டையில் தோற்றறியாதவள், வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் அவள் கணவர் குரல் கேட்டது. "யாரு, நம்ம பட்சியக்காவா? நனஞ்சிருக்கும், டீ போட்டுக் குடு."