கிராணி இராயப்பனின் பிராது

"காலக்கெடு தவறி ஒரு கேஸ்கூட என் கையில செத்ததில்லை. எமனே ஆள் எடுக்க வந்தாலும் என்கிட்ட தேதி கேட்டுட்டுத்தான் போவணும்" என்று வக்கீல் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான கிராணி இராயப்பன் முழங்கியதை மாதா கோயில் வாசலில் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பினாங்கை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவருக்கே ஒரு கேஸ் வாய்த்தது. வலது ஆட்காட்டி விரலில் வந்த கட்டியை ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸர் தம்பு கீறிவிட்டார். கட்டி போயிற்று, விரல் மடங்குவதும் போயிற்று. வைத்தியத் தவறுக்கு நஷ்டஈடு கேட்கச் சட்டம் தந்த அவகாசம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

விரலை இராயப்பன் மன்னித்திருப்பார். தம்பு வாழ்ந்த வாழ்வைத்தான் மன்னிக்க முடியவில்லை. பினாங்கே மரவள்ளிக்கிழங்கு தின்கையில் தம்பு வீட்டுக்கு முட்டை வந்தது. ஊர் சைக்கிள்கள் ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு உருள, தம்புவின் சைக்கிளில் அசல் டயர். போதாததற்கு, "தம்பு அண்ணன் கை பட்டாலே பாதி நோவு போயிடுதுங்க" என்பாள் மனைவி ஜூலியானா. அந்தப் பாதி நேராகத் தன் வயிற்றில் வந்து இறங்குவதாக இராயப்பனுக்குத் தோன்றும்.

ஆகவே பிராது வளர்ந்தது. முப்பத்தொரு பத்திகளில் விரலுக்கு இரண்டு. மற்றவை முட்டை, டயர், தம்புவின் சிரிப்பு.

"சிரிச்சதுக்குமா கேஸு?" என்றாள் ஜூலியானா.

"அது பிரதிவாதியோட குணாதிசயம்லா. உனக்குச் சட்டம் புரியாது."

வெள்ளிக்கிழமை காலை பிராதை அக்குளில் இடுக்கிக்கொண்டு லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்குக் கிளம்பினார். வழியில், தம்புவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட வடிவம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று தம்புவிடம் ஒரு முழுக் கோழியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ இராயப்பர், விரல் எப்பிடி?" என்றார் தம்பு. "வேண்டாமெண்டாலும் விடுகினமில்லை. பாதிக் கோழி உங்கட வீட்டுக்கு அனுப்பட்டோ?"

கோர்ட் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இராயப்பன் வந்த வழியே திரும்பினார். கோழி இல்லாத பிராது முழுமையான பிராதாகுமா? மடங்காத விரலோடு எழுதுவது மெல்ல நகரும் வேலை. நடுவில் கோழி செவலையா கறுப்பா என்று வடிவம்மாளிடம் போய் விசாரித்து வரவேண்டியிருந்தது. அதற்குள் கோர்ட் கதவு சாத்தியாயிற்று.

சனிக்கிழமை காலை ஜூலியானா வெறுங்காப்பியோடு வந்தபோது அவர் முப்பத்துமூன்றாவது பத்தியில் இருந்தார்.

"நேத்தோட கெடு முடியுதுன்னு சொன்னீங்களே?"

இராயப்பன் தலை நிமிரவில்லை.

"மைக்கூட்டை இப்படித் தள்ளு" என்றார். "பாதிக் கோழி தர்றேன்னு சொன்னானே, அதை இன்னும் எழுதல."